அரக்கு வைத்த மூன்று பிரதிகள்

1

போன மாதம் ஆம்பூரில், ஒரு தோல் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில், ஐந்து பேர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஒரு பச்சை எழுத்துத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதிர்பார்த்தது திரையில் வரவில்லை. இந்தக் கதை எனக்கு அங்கேதான் கிடைத்தது. அங்கே உனக்கு என்ன வேலை என்று இப்போதே கேட்காதீர்கள். சரக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதல் பேச்சிலேயே கக்கிவிடுகிறவன் தோல் மண்டியில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டான். நான் அந்த மண்டியின் இரைச்சலில் பேசக் கற்றவன்.

இதுவரை மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்துவிட்டேன்.

முதலாவது: “பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்டு ஓடிய அந்த ஐப்பசியில்...” இதற்குமேல் கை ஓடவில்லை. பாலாற்றில் வெள்ளம் புரண்டதை என் ஆயுளில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அதில் ஒரு தடவை நான் பார்க்கவில்லை, பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

இரண்டாவது: “ஜெயசீலி டீச்சர் மிகவும் நேர்மையானவர்.” இது கதையின் தொடக்கம் இல்லை, நன்னடத்தைச் சான்றிதழ்.

மூன்றாவதில் தோல் தரகர் சாமிநாதன் வந்து சேர்ந்தார். அவர் வந்ததும் கதை இடத்தைவிட்டு அசைந்தது. ஆகையால் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு மிச்சத்தைச் சொல்கிறேன். [அவரை முழுக்க நம்பிவிட வேண்டாம். காரணம் நாலாம் பகுதியில்.]

2

சாமிநாதன் டீச்சரை முதன்முதலில் பார்த்தது வேலூர் பஸ்ஸில், 1979இல். மடியில் ஒரு சாக்குப் பை, பைக்குள் பதினாலு பாட்டில். பஸ் குலுங்கும்போதெல்லாம் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துப் பேசிக்கொண்டன. மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது.

“இன்னா டீச்சர், இவ்ளோ சரக்க இப்டி பப்ளிக்கா எடுத்துட்டுப் போறீங்க?” என்றார்.

“மோந்து பாருங்க,” என்று ஒரு பாட்டிலை நீட்டினார் ஜெயசீலி. சாமிநாதன் மோந்து பார்த்தார். தண்ணீர்.

ஜெயசீலி வேலூரில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் விஞ்ஞான டீச்சர். ஆற்றோரத்து ஊர் ஒன்றில் (பெயரை எழுதப் போவதில்லை, எழுதினால் அந்த ஊர்க்காரர்களே வந்து இது எங்கள் ஊரில் நடக்கவில்லை என்பார்கள்) சம்பூர்ணம் என்ற விதவையின் கிணற்றில் ஒரு தடவை தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார். சம்பூர்ணத்தின் மகள் அவரிடம் படித்தவள். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. ஊருக்கு மேற்கே, ஆற்றின் மேல்பக்கத்தில், தோல் பதனிடுகிற டேனரி ஒன்று புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். “இப்ப இருக்கிறத எழுதி வெச்சாத்தான் பின்னாடி எதுவும் பேச முடியும்,” என்று அன்றைக்கே டீச்சருக்குத் தோன்றிவிட்டது. எனக்கெல்லாம் இப்படித் தோன்றுவது சங்கதி முடிந்த பிறகுதான்.

1978 ஜூன் மாதத்திலிருந்து, மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, அந்த ஊரின் பதினாலு கிணற்றுத் தண்ணீர். பள்ளிக்கூட லேபில் ஒவ்வொன்றிலும் நூறு மில்லியைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் சுண்டவைத்து, அடியில் தங்கும் உப்பை நுண்தராசில் நிறுத்து, நோட்டில் எழுதுவார். ஏழு வருஷம், ஏழு நோட்டு, ஆயிரத்து நூற்று எழுபத்தாறு எண்கள்.

முதல் இரண்டு வருஷத்து எண்களில் சுவாரசியமே கிடையாது என்று டீச்சரே சொல்லியிருக்கிறார். மூன்றாம் வருஷத்திலிருந்து ஆற்றை ஒட்டிய கிணறுகளில் எண் ஏற ஆரம்பித்தது. ஏறியதில் முதலாவது ஒன்பதாம் கிணறு. சம்பூர்ணத்தினுடையது.

3

எண்பத்தைந்தில் நோட்டுகளில் கரையான் ஏறியது. டீச்சர் பதறிப்போய்க் கேட்டது சாமிநாதனைத்தான். பஸ் சிநேகம் அதற்குள் ஆறு வருஷம் முற்றியிருந்தது.

ஆம்பூரில் அப்துல் கஃபார் ஹாஜியாரின் தோல் கம்பெனியில் அந்த வருஷம் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். ஹாஜியாரின் மகன் மக்பூல் அகமது மெட்ராஸில் ஆறு மாதம் தங்கி அதைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். தினம் ஆயிரம் ஜோடி ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற கம்பெனியில், செருப்போடு நுழையக் கூடாத ஒரே அறை அந்த அறைதான்.

[வாசகர் நிமிர்ந்து உட்காருகிறார்: ஆற்றின் மேல்பக்கத்து டேனரி யாருடையது? ஹாஜியாருடையதுதான். அங்கே தோல் பதப்படும், ஆம்பூரில் தைப்பார்கள். டீச்சருக்கும் தெரியும். “நெருப்ப அடுப்புலயே வெச்சிப் பாதுகாக்கச் சொல்றீங்களா?” என்று அவர் சாமிநாதனைக் கேட்டார். “டீச்சர், ஜில்லாவுல எனக்குத் தெரிஞ்ச கம்ப்யூட்டர் அது ஒண்ணுதான்,” என்றார் சாமிநாதன்.]

மக்பூல் மறுக்கவில்லை. அவருக்கே அந்த எண்களைப் பார்க்கவேண்டும்போல இருந்திருக்கிறது. ஏழு சனிக்கிழமை டீச்சர் படிக்க, மக்பூல் தட்டினார். கிணற்றுக்கு ஒரு ஃபைலாகப் பதினாலு ஃபைல். எல்லாமாகச் சேர்ந்து அப்பளம் மாதிரி ஒரு கறுப்பு பிளாப்பியில் அடங்கிவிட்டது.

“இதுல இருந்து எத்தினி வேணும்னாலும் நகல் எடுக்கலாம் டீச்சர். பத்தாவது நகல்லகூட ஒரு எழுத்து மாறாது,” என்றார் மக்பூல்.

அப்போதுதான் ஹாஜியார் உள்ளே வந்தார். வெள்ளைத் தாடி, மெதுவான குரல்.

“டீச்சரம்மா எண்ண மாத்த மாட்டாங்க, அது எனக்குத் தெரியும். நாளைக்கி அந்தத் தட்டு வேற ஒருத்தன் கைக்குப் போயி, அவன் எண்ணுக்குப் பக்கத்துல ஒரு சைபர் போட்டுட்டா? என் கம்பெனி பேஜாராயிடும்.”

“உங்க கிட்ட இருக்கிற தட்டுல ஒரு சைபர் கம்மியாயிட்டா?” என்றார் ஜெயசீலி.

“அதுவும் நடக்கலாம்,” என்றார் ஹாஜியார், கோபமே இல்லாமல். இரண்டு பேரும் சாமிநாதனைப் பார்த்தார்கள்.

தரகனுக்கு இதைவிட இன்பமான கணம் கிடையாது. இரண்டு பக்கமும் நம்பிக்கை இல்லை, இரண்டு பக்கமும் உன்னைப் பார்க்கிறது.

மண்டியில் பெரிய லாட் கைமாறும்போது ஒரே தோலிலிருந்து மூன்று துண்டு மாதிரி வெட்டுவார்கள். மூன்று உறை, மூன்றிலும் அரக்கு, அரக்கின்மேல் தரகரின் பித்தளை முத்திரை. விற்றவர், வாங்கியவர், தரகர் ஆளுக்கொன்று வைத்துக்கொள்வார்கள். தகராறு வந்தால் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து உடைத்துப் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் உடைந்த உறை செல்லாது. இந்த வழக்கத்துக்கு இன்னொரு பாதி உண்டு: முத்திரை வைத்தவுடன் வெளியே கிடக்கிற மாதிரித் துண்டு அத்தனையையும் அங்கேயே நறுக்கிப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு ஆளாளுக்கு ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு வந்து, அந்தத் தோல் இதுதான் என்பான்.

சாமிநாதன் இதைச் சொன்னதும் ஹாஜியார் முகம் தெளிந்தது. அவருக்குப் புரிகிற பாஷை.

மக்பூலுக்கு மட்டும் இது ஒத்துவரவில்லை. “அண்ணே, இது தோல் இல்ல. மெட்ராஸ்ல எங்க மாஸ்டர் சொன்னாரு, பிளாப்பி ரொம்ப வருஷம் தாங்காது. வருஷத்துக்கு ஒருதடவ புதுசுக்கு மாத்தி மாத்தி எடுத்துக்கிட்டே இருக்கணும். மூடி வெச்சா அவ்ளோதான்.”

“யாரு மாத்தறது?” என்றார் சாமிநாதன்.

“நான்தான்.”

“அப்ப உண்மை உன் கையில இருக்கு, தட்டுல இல்ல. வருஷா வருஷம் டீச்சர் வந்து உன் கைய நம்பணும். உன் மாஸ்டருக்கு மிஷின் தெரியும் தோஸ்த், மனுஷனத் தெரியாது.”

ஹாஜியார் சிரித்தார். டீச்சரும் சிரித்தார். மக்பூல் சிரிக்கவில்லை.

மூன்று நகல் எடுக்கப்பட்டது. மூன்று காக்கி உறைகள் வந்தன. அரக்கு காய்ந்தது. ஹாஜியாருடையதிலும் தன்னுடையதிலும் சாமிநாதன் உறையின் விளிம்பில் முத்திரை வைத்தார். டீச்சருடையதைக் கூடுதல் அக்கறையோடு நட்டநடுவில் வைத்து, ஆள்காட்டி விரலால் நன்றாக அழுத்தினார். கம்ப்யூட்டரில் மிச்சம் இருந்த மூலப்பிரதியை எல்லோர் முன்னாலும் மக்பூல் அழித்தார்.

டீச்சர் ஏழு நோட்டையும் மார்போடு வைத்துக்கொண்டிருந்தார். “இதுவுமா?”

“அதுதான் டீச்சர் மொதல்ல.”

நோட்டைத் தையலோடு பிய்ப்பது கஷ்டம். டீச்சரே இரண்டு இரண்டு தாளாகக் கிழித்தார். நாற்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. பாய்லர்காரர் ஒரு கூடையில் அள்ளிக்கொண்டு போனார்.

4

நேற்று இந்த மூன்றாம் பகுதியைச் சுத்தமாகப் படியெடுத்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சாமிநாதன்மேல் சந்தேகம் வந்தது.

அவர் ஹாஜியாரின் தரகர். வருஷத்தில் பாதி நாள் ஹாஜியாரின் திண்டில் சாய்ந்து டீ குடிக்கிறவர். ஏழு வருஷத்து எண்களை ஒரே பகலில் வாயடைத்துப் பெட்டியில் போட்டுவிட்டார். இதைத் தெரிந்தே செய்தாரா? அப்படி எழுதினால் கதைக்கு ஒரு வில்லன் கிடைப்பான், வாசகருக்குக் கோபப்பட ஓர் இடம் கிடைக்கும், எனக்கும் நிம்மதி. அப்படி ஒரு பக்கம் எழுதினேன். “சாமிநாதன் மனசுக்குள் கணக்குப் போட்டார். இந்த எண்கள் வெளியே வந்தால்...” பொய். அவர் அன்றைக்கு எந்தக் கணக்கும் போடவில்லை. தன் சாமர்த்தியத்தைப் பார்த்துத் தானே சொக்கிப்போய் நின்றார்.

எப்படித் தெரியும் என்றால், சாமிநாதன் என்று ஒருவர் இல்லை. அரக்கைக் காய்ச்சியவன் நான்.

நாலு தடவை இதை எழுதிவிட்டேன். முதல் பிரதியில் தரகருக்கு என் பெயர், பஞ்சாட்சரம். இரண்டாவதில் பெயரை எடுத்துவிட்டு வெறும் ‘தரகர்’. மூன்றாவதிலிருந்து சாமிநாதன். ஒவ்வொரு படியிலும் வாக்கியம் கொஞ்சம் மெருகேறுகிறது, நான் ஓர் அடி பின்னால் நகர்கிறேன். மக்பூலின் மிஷின் பத்தாவது நகலிலும் ஓர் எழுத்தை மாற்றாதாம். அது மிஷின். பேனா பிடித்தவன் எடுக்கிற நகலில் அவனுக்கு வசதியானது மட்டும் தங்கும்.

இந்த நாலு வருஷத்தில் ஒரு விஷயம் விளங்கிக்கொண்டேன், தாமதமாக. தோலை உப்புப் போட்டு அடுக்கிவிட்டால் அது தன் பாட்டுக்குக் கிடக்கும். பிளாப்பி அப்படிக் கிடக்காது. அதைக் காப்பாற்றுவது என்றால், அது சாகிறதுக்கு முன்னால் அடுத்ததற்கு மாற்றி, அது சாகிறதுக்கு முன்னால் அதற்கடுத்ததற்கு மாற்றி, ஓயாமல் செய்துகொண்டே இருப்பது. ஒவ்வொரு முறையும் மாற்றுகிறவனை யாராவது நம்பியாக வேண்டும். நான் செய்துகொடுத்தது யாரும் யாரையும் நம்பத் தேவையில்லாத ஏற்பாடு. எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

இனிமேலும் அவரைச் சாமிநாதன் என்றே கூப்பிடுகிறேன். அடுத்த பகுதியைச் செய்ய எனக்கு இன்னொரு ஆள் தேவைப்படுகிறான்.

5

1987. காட்பாடி ஸ்டேஷன், இரண்டாம் பிளாட்ஃபாரம். சாமிநாதன் பெங்களூருக்கு, டீச்சர் மெட்ராஸுக்கு. இரண்டு வண்டியும் லேட்.

“நானே உங்களுக்கு லெட்டர் போடலாம்னு இருந்தேன்,” என்றார் ஜெயசீலி. “மக்பூல் சார் என்னைப் பார்த்தார். ரெண்டு வருஷம் ஆயிடுச்சு, மூணு பேரும் உக்காந்து ஒருதடவ உடைச்சி, நகல் எடுத்து, மறுபடி சீல் வெச்சிடலாம்னு சொல்றார். எனக்கும் பயமா இருக்குங்க. நோட்டு இல்ல பாருங்க.”

“மூணு பேர் உக்காந்தா தகராறுன்னு அர்த்தம் டீச்சர். நாளைக்கே மண்டியில ஹாஜியாருக்கும் உங்களுக்கும் சண்டைன்னு பேசுவான்.”

“ஒரு அரை மணி நேர வேலை.”

சாமிநாதனுக்கு அப்போது வாயில் ஒரு வார்த்தை வந்தது. நல்ல வார்த்தைகள் அவர் வாய்க்குத் தானாக வரும், அதுதான் அவர் பிழைப்பு. “கல்யாணம் பண்ணிக் குடுத்த பொண்ண வருஷா வருஷம் மறுபடி பொண்ணு பாக்கப் போவாங்களா டீச்சர்?”

ஜெயசீலி சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் பேச்சு முடிந்துபோயிற்று. சாமிநாதன் இரண்டு காபி வாங்கினார்.*

*டீச்சர் அன்றைக்குச் சிரிக்காமல் இருந்திருந்தால் என்று இந்த இரண்டு வருஷத்தில் பலமுறை நினைத்திருக்கிறேன். அவர்மேல் பழி போடுவதற்கு இல்லை. என் நகைச்சுவைக்கு யாராவது ஒருமுறையாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கலாம்.

6

இந்த வருஷம், 1989, கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒரு விசாரணை. ஆற்றோர ஊர்களில் டேனரித் தண்ணீரால் கெட்டுப்போன கிணறுகளைப் பட்டியல் போடுகிறார்கள். பட்டியலில் ஏறுகிற தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வரும். ஏற ஒரு நிபந்தனை: முன்னால் அந்தக் கிணறு நன்றாக இருந்தது என்று காட்ட வேண்டும். கம்பெனிகளின் பக்கத்தில் வக்கீல் ஒருவர், ஆற்றோரக் கிணறெல்லாம் எந்தக் காலத்திலும் உப்புதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

சம்பூர்ணம் இப்போது குடிதண்ணீருக்கு ஒன்றரை மைல் நடக்கிறார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் தெருவில் பதினோரு வீடு, கிணறு அந்த ஒன்பதாம் கிணறு ஒன்றுதான்.

ஆக, தகராறு வந்துவிட்டது. முறைப்படி உடைக்க உட்கார்ந்தோம். மக்பூல், ஹாஜியார், ஜெயசீலி, சாமிநாதன், கூடவே சம்பூர்ணம்.

சாமிநாதனின் உறை முதலில். அதை அவர் தன் தோல் கிடங்கின் மரப்பெட்டியில் வைத்திருந்தார், உப்புப் போட்ட பச்சைத் தோல் அடுக்குகளுக்கு நடுவில், தொழிலில் அதுதான் பத்திரமான இடம் என்று. உள்ளே பிளாப்பி அதன் உறையோடு ஒட்டிப்போயிருந்தது. பிரித்தால் வெள்ளையாகப் பூசணம். [உப்பேறிய கிணற்றின் சாட்சியை உப்பே தின்றுவிட்டது. கதைக்கு இது ரொம்பவும் பொருத்தமாக அமைந்துவிட்டது. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. நடந்தது இதுதான், என்ன செய்ய.]

அடுத்தது டீச்சருடையது. பீரோவில், பட்டுப் புடவைக்குள், பூச்சி உருண்டை போட்டுக் குழந்தையைப்போல வைத்திருந்தார். வெளியே எடுத்தபோது புத்தம் புதிதாக இருந்தது. மக்பூல் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தட்டின் நடுப்பகுதியில் வட்டமாக ஒரு பள்ளம். கொதிக்கிற அரக்கோடு அழுத்திய முத்திரை, உறையைத் தாண்டி, தட்டில் இறங்கியிருந்தது. மிஷினில் போட்டார்கள். படிக்க முடியவில்லை, கைவிடவா, மறுபடி முயலவா என்று மிஷின் கேட்டது. மக்பூல் பத்துத் தடவை முயன்றார்.

மூன்றாவது ஹாஜியாருடையது. இரும்புப் பெட்டியில் இருந்தது. போட்டதும் உர்ரென்று சுற்றியது. திரையில் எண்கள் வந்தன. “வருது, வருது,” என்றார் சம்பூர்ணம். ஒன்றாம் கிணறு. இரண்டு. மூன்று. நாலு. ஐந்து. ஆறாம் கிணற்றில் நின்றது. அதற்குமேல் எத்தனை தடவை முயன்றும் வரவில்லை.

ஒன்றிலிருந்து ஐந்துவரை மேட்டுத் தெருக் கிணறுகள். அவை இன்றைக்கும் நன்றாக இருக்கின்றன. ஏழு வருஷமும் நன்றாக இருந்தன என்று அந்த எண்கள் சொல்லும். ஆயிரத்து நூற்று எழுபத்தாறில் நானூற்று இருபது மிஞ்சியது, அத்தனையும் டேனரியால் ஒரு கெடுதலும் இல்லை என்று சாட்சி சொல்லும்.

மக்பூல் அதைத் தாளில் அடித்தார். ஹாஜியார் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“இது பாதி மாதிரி,” என்றார், மண்டி பாஷையில். “பாதி மாதிரி செல்லாது.”

சொல்லிவிட்டு, தாளை நாலாக மடித்து ஜிப்பாப் பையில் வைத்துக்கொண்டார்.

“வாப்பா, அத இங்க குடுங்க,” என்றார் மக்பூல்.

“செல்லாதுன்னு சொல்லிட்டேனே,” என்றார் ஹாஜியார். தாள் பையிலேயே இருந்தது.

7

முடிவுகள்.

அ) மக்பூல் அன்றைக்கு மூலப்பிரதியை அழிக்கவில்லை, அழிப்பதுபோல் விரலை மட்டும் ஆட்டினார், ரகசியமாக வருஷா வருஷம் நகல் எடுத்துவந்தார். இப்படி ஒரு முடிவு எழுதினேன். இதை அவருக்குப் படித்துக் காட்டினேன். “அண்ணே, நீங்க எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தீங்க. எனக்கு அவ்ளோ தைரியம் இருந்திருந்தா அன்னிக்கே சத்தம் போட்டிருப்பேன்,” என்றார்.

ஆ) விசாரணையில் சம்பூர்ணம் ஒரு சொம்புத் தண்ணீரை அதிகாரியின் மேஜையில் வைத்து, குடிங்க சார் என்கிறார். சினிமாவில் கைதட்டுவார்கள். நிஜத்தில் அதிகாரி, இப்ப உப்புன்னு எனக்கும் தெரியும்மா, அப்ப எப்படி இருந்திச்சு, என்பார்.

இ) இது எழுதியது அல்ல, நான் செய்துபார்த்தது. டீச்சர் வீட்டுக்குப் போனேன். “ஏழு வருஷம் நீங்களே நிறுத்திருக்கீங்க. மனசுல இல்லாம போகுமா? எழுதுங்க டீச்சர். இதுதான் அந்த நகல்னு நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன். மண்டியில என் கையெழுத்துக்கு இன்னும் மரியாதை இருக்கு.”

“தோராயமா ஞாபகம் இருக்கு,” என்றார் ஜெயசீலி. “நான் தோராயமா நிறுக்கலியே. தராசு ஆடி நிக்கிற வரைக்கும் மூச்சப் பிடிச்சிக்கிட்டு நிப்பேன். இப்ப மனசுல இருந்து எழுதினா, அந்த வக்கீல் சொல்றதுக்கும் நான் சொல்றதுக்கும் இன்னா வித்தியாசம்?”

நான் பேரம் பேசித் தோற்ற இடங்கள் குறைவு. இது ஒன்று.

8

வாசல்வரை வந்த டீச்சர் அங்கேயே நின்றுவிட்டார். “ஒண்ணு இருக்கு,” என்றார். “ஒவ்வொரு மாசமும் அந்தந்த வீட்டுக்கு அவங்க கிணத்து நம்பர் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுப்பேன். அவங்களுக்கும் தெரியணும் இல்ல?”

“அய்யோ டீச்சர், இத ஏன் முன்னாடியே சொல்லல?”

“நீங்கதானே வெளிய ஒரு துண்டும் இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. சீல் வெச்ச அடுத்த சனிக்கிழமை வீடு வீடாப் போயி, சீட்டெல்லாம் கிழிச்சிடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

மறுநாளே அந்த ஊருக்குப் போனோம். ஆறாம் கிணற்று வீட்டில் கேட்டபோது, வீட்டுக்காரர் ராமலிங்கம் தலையைச் சொறிந்தார். “கிழிக்கச் சொன்னீங்க. எங்க சார் கிழிக்கறது, வேலை இருந்திச்சி.” காலண்டர் ஆணியில் குத்தியிருந்த பழைய ரசீதுகளுக்கு நடுவில் பத்தொன்பது சீட்டு. ஏழாம் கிணற்று வீட்டில், பிள்ளைகள் அதன் பின்பக்கம் வாய்ப்பாடு எழுதியிருந்தார்கள். முன்பக்கம் டீச்சரின் குண்டு எழுத்து. பதினோராம் கிணற்று வீட்டில் சம்மந்தி வீட்டுக் கடிதத்தோடு சேர்ந்து ஐந்து. எண்ணெய் பட்டது, மூலை எலி கடித்தது, மஞ்சள் படிந்தது. அரக்கு வைக்காதது. சொன்னபடி கேட்காத வீடுகளில் எல்லாம் ஏதோ கொஞ்சம் இருந்தது. டீச்சர் ஒவ்வொன்றாக ஒரு புது நோட்டில் எழுதி, நோட்டை எனக்குக் காட்டி, இன்னொரு நோட்டில் என்னையும் எழுத வைத்தார். நானும் மறுபேச்சில்லாமல் எழுதினேன்.

ஒன்பதாம் கிணற்றுக்குக் கடைசியாகப் போனோம். அங்கே கிடைத்துவிடும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெம்பு. டீச்சர் சீட்டுக் கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு மாசத்துச் சீட்டைக்கூடத் தவறவிடாதவர் சம்பூர்ணம். படிக்கத் தெரியாது, ஆனாலும் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாராம்.

“இருந்திச்சி,” என்றார். “டீச்சரம்மா வந்து கிழிக்கச் சொன்னாங்களே, அதான். அவங்க சொன்னா காரணம் இருக்கும்னு அன்னிக்கே எல்லாத்தையும் எண்ணி எடுத்து அடுப்புல போட்டுட்டேன். ஒண்ணு விடல.”

டீச்சர் கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். சம்பூர்ணம் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். “தப்புங்களாம்மா?”

பதில் சொல்லவேண்டியவன் நான். எனக்கு வார்த்தை வரவில்லை.

சம்பூர்ணமே பேச்சை மாற்றினார். “தரகரய்யா, நீங்க கத எழுதுவீங்களாமே. எம் பொண்ணு சொன்னா. அதுலயாவது எங்க தண்ணி நல்லா இருந்திச்சின்னு எழுதுங்க.”

விசாரணை இந்த மாதம் இருபத்தேழாம் தேதி. இன்று பத்தொன்பது. ஹாஜியாரின் ஜிப்பாப் பையில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறதா, எங்கே எப்போது வெளியே வரும், எனக்குத் தெரியாது. மக்பூல் விசாரணைக்கு வந்து, தான் தட்டிய எண்களைப் பற்றி உண்மையைச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அப்பாவைப் பார்த்ததும் குரல் எழும்புமா என்பதும் தெரியாது. ஆகையால் முடிவு என்னிடம் இல்லை.

சம்பூர்ணம் கேட்டதை மட்டும் எழுதிவிடுகிறேன். ஒன்பதாம் கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருந்தது. எவ்வளவு நன்றாக என்று அதிகாரி கேட்பார். அந்த இடத்துக்கு ஓர் எண் வேண்டும். சாமிநாதனை உண்டாக்கியவனுக்கு, பாலாற்றில் வெள்ளம் விட்டவனுக்கு, ஓர் எண்ணை உண்டாக்குவது பெரிய வேலை இல்லை. நம்பும்படியான எண்ணாகவே போடுவேன். நீங்களும் இதற்குள் மனதில் ஒன்றைப் போட்டிருப்பீர்கள். தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.

ஒன்பதாம் கிணறு, சம்பூர்ணம் வீடு. 1978 ஜூன். நூறு மில்லிக்கு உப்பு, மில்லிகிராமில்: